கடை இல்லாத 7 வாரங்கள்

சர்க்கரை நோயும் உணவும் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு பழைய ஆய்வு எப்படியாவது தலைகாட்டிவிடும். 1982இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்து, 1984இல் ‘டயாபடீஸ்’ என்ற மருத்துவ இதழில் வெளியானது. நடத்தியவர் ஊட்டச்சத்து ஆய்வாளர் கெரின் ஓ’டே. “பத்துப் பேர் காட்டுக்குப் போனார்கள், மூதாதையர் உணவைச் சாப்பிட்டார்கள், 7 வாரத்தில் சுகர் போய்விட்டது” என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். பத்துப் பேர் என்பதும் 7 வாரம் என்பதும் சரி. சுகர் போய்விட்டது என்பது சரியில்லை. மூதாதையர் உணவு என்று சொல்லும்போது நம் மனசில் எழும் படமும் பெரும்பாலும் சரியில்லை.

எனக்கு இந்த ஆய்வின் எண்களைவிட அதில் நடந்த விதம் முக்கியமாகப் படுகிறது. சர்க்கரை நோயாளி எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நாம் எழுதும் அறிவுரைகள் எல்லாம் அவருடைய நாக்கைக் குறிவைக்கின்றன. இந்தப் பத்துப் பேருக்கு நாக்கு மாறவே இல்லை. அந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

யார் இவர்கள்

ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் கிம்பர்லி என்ற பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. அதன் கடலோரச் சிற்றூர் டெர்பி. டெர்பிக்குப் பக்கத்தில் உள்ள தொல்குடிக் குடியிருப்பு மோவாஞ்ஜம். வொரோரா, ஙரின்யின், வுனம்பல் என்ற மூன்று மொழிக் குழுக்களைச் சேர்ந்த குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. பெரிய கண்களும் வாயே இல்லாத முகமும் கொண்ட வாஞ்ஜினா பாறை ஓவியங்கள் இவர்களுடையவை. ஆனால் டெர்பி இவர்களுடைய மண் அல்ல. சொந்த நிலம் இன்னும் வடக்கே, கடலும் குன்றுகளும் ஆறுகளுமாகக் கிடக்கிறது. கிறிஸ்தவ மிஷன்கள் வழியாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றப்பட்டு, 1956இல் டெர்பி ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதை ஏன் உணவுக் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், இவர்கள் சாப்பாடு கெட்டது அந்த இடப்பெயர்ச்சியோடுதான். மிஷன்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் மாவு, சர்க்கரை, தேயிலை ஆகியவை ரேஷனாகக் கொடுக்கப்பட்டன. பல பண்ணைகளில் கூலிக்குப் பதிலாகவே அவை வந்தன. தொல்குடித் தொழிலாளருக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்று 1966இல் தீர்ப்பாகி 1968 டிசம்பரில் அமலுக்கு வந்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பண்ணை முதலாளிகள் ஆட்களை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பங்கள் டெர்பி, ஃபிட்ஸ்ராய் கிராசிங் போன்ற ஊர்களின் ஓரத்தில் வந்து தங்கின. வேட்டைக்குப் போக நிலம் கையில் இல்லை, பக்கத்தில் கடை இருந்தது.

ஆய்வுக்கு முன் இவர்களுடைய அன்றாட உணவு இப்படி இருந்தது: மாவு, சர்க்கரை, அரிசி, கலர் சோடா, பீர், போர்ட் ஒயின், பால் பவுடர், கொழுப்பு மிகுந்த மலிவான இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம். மற்ற காய்களும் பழங்களும் கிடைத்தபோது கிடைத்தவை. இந்தப் பட்டியலை ஒரு மளிகைக்காரர் கண்ணோடு படித்துப் பாருங்கள். பெரும்பாலானவை நாள்கணக்கில் லாரியில் வந்தாலும் கெடாத சரக்கு. உடம்புக்கு எது ஏற்றது என்று யாரும் தேர்ந்தெடுத்த பட்டியல் அல்ல அது.

ஆய்வில் சேர்ந்த பத்துப் பேருக்கும் டைப் 2 சர்க்கரை நோய். சராசரி வயது 54, சராசரி எடை 82 கிலோ. எல்லாரும் நடுவயதைத் தொட்டவர்கள், எடை கூடியவர்கள். அதே சமயம், இளமையில் வேட்டையாடவும் கிழங்கு தோண்டவும் கற்றுக்கொண்ட தலைமுறை. அந்தக் கைப்பழக்கம் இல்லாதவர்களை வைத்து இந்த ஆய்வை நடத்தியிருக்கவே முடியாது.

என்ன செய்தார்கள்

முதலில் டெர்பியில் வைத்து, வெறும் வயிற்றிலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்த பிறகும் ரத்தம் எடுத்தார்கள். பிறகு பத்துப் பேரும் தங்கள் சொந்த நிலத்துக்குக் கிளம்பினார்கள். பக்கத்து ஊருக்கு வரவே காட்டுப் பாதையில் ஒரு நாளுக்கு மேல் ஜீப் ஓட்ட வேண்டிய தூரம். கடை கிடையாது. சோடாவும் பீரும் கிடையாது.

முதலில் கடற்கரையில் தங்கினார்கள். மீன்தான் பிரதான உணவு. கூடவே பறவைகள், கங்காரு, மரத்துக்குள் வளரும் கொழுத்த விச்செட்டிப் புழு. செடிகொடி வகையில் சாப்பிட அதிகம் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு வாரத்தில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டில் ஓர் ஆற்றங்கரைக்குப் போனார்கள். நம் ஆள் யாராவது எழுதியிருந்தால் நெய்தலை விட்டு முல்லைக்குப் போனார்கள் என்று எழுதியிருப்பார். அங்கே ஆற்று மீன், சிப்பி, ஆமை, முதலை, கங்காரு, பறவை. இவற்றோடு காட்டுக் கிழங்கு, அத்திப்பழம், தேன்.

தேன் என்ற சொல்லைக் கவனியுங்கள். சர்க்கரை நோயாளிகள் தேன் சாப்பிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

இந்த ஆற்றங்கரை நாட்களில் 2 வாரம் என்ன சாப்பிட்டார்கள் என்று விரிவாகக் கணக்கெடுத்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1200 கலோரி. அதில் 54 சதவீதம் புரதம், 33 சதவீதம் மாவுச்சத்து, 13 சதவீதம் கொழுப்பு. மொத்தக் கலோரியில் 64 சதவீதம் விலங்குகளிடமிருந்து வந்தது. அப்படியிருந்தும் கொழுப்பு ஏன் இவ்வளவு குறைவு? காட்டில் ஓடித் திரியும் கங்காருவின் உடம்பில் கொழுப்பு சொற்பம். தீனி போட்டு வளர்த்த மாடு போலவோ பிராய்லர் கோழி போலவோ அது இல்லை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 17 கிராம் கொழுப்புதான் வருகிறது. மேசைக்கரண்டியால் அளந்தால் ஒன்றேகால் கரண்டி எண்ணெய்.

பேலியோ அன்பர்கள் இந்த ஆய்வைத் தங்கள் கட்சிச் சாட்சியாக அழைப்பதாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வெண்ணெயும் நெய்யும் முழுக்கொழுப்புப் பாலாடைக்கட்டியுமாகப் போகும் உணவுமுறைக்கு இந்த ஆற்றங்கரைச் சாப்பாடு எதிர்த்துருவம். சோறு, சப்பாத்திதான் குற்றவாளி என்று சொல்பவர்களுக்கும் இது முழு ஆதரவு தராது. ஏனென்றால் இங்கே மாவுச்சத்து மட்டும் குறையவில்லை, கொழுப்பும் மொத்தக் கலோரியும் சேர்ந்தே குறைந்தன.

என்ன ஆயிற்று

பத்துப் பேரும் சீராக எடை குறைந்தார்கள், சராசரி 8 கிலோ. உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 11.6இலிருந்து 6.6 மில்லிமோலுக்கு இறங்கியது. நம் லேப் ரிப்போர்ட் கணக்கில் சொன்னால் 209இலிருந்து 119. குளுக்கோஸ் குடித்த பிறகு ஏறும் அளவும் குறைந்தது, ஆனால் இயல்புக்கு வரவில்லை. வெறும் வயிற்று இன்சுலின் 23இலிருந்து 12 ஆகப் பாதியானது. அதே சமயம், குளுக்கோஸ் உள்ளே போனதும் கணையம் சுரக்கும் இன்சுலின் முன்பைவிடக் கூடியது. சும்மா இருக்கும்போது ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கணையம், தேவைப்படும்போது வேலை செய்ய ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம். ரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடு 4.0இலிருந்து 1.2 மில்லிமோல், அதாவது 354இலிருந்து 106.

119 என்பது நல்ல எண். சர்க்கரை நோய் என்று முத்திரை குத்தும் 126க்குக் கீழே, இயல்பு என்று சொல்லும் 100க்கு மேலே. அதனால்தான் ‘சுகர் போய்விட்டது’ என்பது சரியில்லை என்றேன். ஓ’டேயும் அப்படி எழுதவில்லை. சர்க்கரை பெரிதும் மேம்பட்டது, ரத்தக் கொழுப்பு முழுவதும் இயல்புக்கு வந்தது என்றுதான் முடிக்கிறார்.

அந்தக் கட்டுரையில் என் கண் போய் நிற்கும் எண் வேறு. கல்லீரல் தன்னிடம் தேங்கிய கொழுப்பை மூட்டைகட்டி ரத்தத்தில் அனுப்பும் விஎல்டிஎல் துகள்களில் இருந்த டிரைகிளிசரைடு 2.31இலிருந்து 0.20க்கு இறங்கியது. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 1984இல் இதை ரத்தக் கொழுப்புச் செய்தியாகத்தான் படித்திருப்பார்கள். 2011இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழு, டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 11 பேரை 600 கலோரி உணவில் 8 வாரம் வைத்து, கல்லீரலை ஸ்கேன் செய்து பார்த்தது. முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கொழுப்பு இறங்கினால் அடங்கிவிடும். இதை வைத்துப் பழைய எண்ணைப் படித்தால், கிம்பர்லி ஆற்றங்கரையிலும் நடந்தது ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் முதலையும் காட்டுக் கிழங்கும், இன்னொரு பக்கம் பாக்கெட்டைக் கரைத்துக் குடிக்கும் பானம். கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

நாக்கு மாறவில்லை

ஓ’டே பின்னர் இந்த மக்களின் உணவு விருப்பங்களைப் பற்றியும் எழுதினார். வேட்டையாடி வாழ்ந்தவர்கள் மிகவும் ஆசைப்பட்டது எதற்குத் தெரியுமா? விலங்கின் கொழுப்புப் பகுதிகள், ஈரல் போன்ற உள்ளுறுப்புகள், கொழுத்த புழு, தேன். கொழுப்பும் இனிப்பும்! கிடைத்தால் விடமாட்டார்கள். கிடைப்பதுதான் கஷ்டம். தேனடை இருக்கும் மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அதை எடுக்க உழைக்க வேண்டும், எடுத்ததை எல்லாரோடும் பங்கிட வேண்டும்.

அதே நாக்கு டெர்பி கடைக்குள் போனால் என்ன ஆகும்? கொழுப்பும் இனிப்பும் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. மரம் ஏற வேண்டாம், பங்கிடவும் வேண்டாம். காட்டில் உயிர் காத்த ஆசை இங்கே ஆளைச் சாய்க்கிறது. காட்டுக்குப் போனபோது பத்துப் பேருக்கும் திடீரென்று மனக்கட்டுப்பாடு வந்துவிடவில்லை. கட்டுப்பாடு நிலத்திடம் இருந்தது. அவர்கள் வழக்கம்போல ஆசைப்பட்டதைத் தேடினார்கள், அகப்பட்டதைச் சாப்பிட்டார்கள்.

நம் வீடுகளில் சுகர் வந்தவருக்கு நடப்பது இதற்கு நேர் தலைகீழ். வீட்டில் முறுக்கு டப்பா அதே இடத்தில் இருக்கும். மாலையில் பஜ்ஜி போடுவார்கள். அவர் மட்டும் சாப்பிடக் கூடாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போது பக்கத்து இலைக்காரர் “உங்களுக்குச் சுகராச்சே” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்வார். சூழ்நிலையை அப்படியே வைத்துவிட்டு ஆளை மட்டும் திருத்தப் பார்க்கிறோம். திருந்தாவிட்டால் ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று பட்டம்.

அளக்காமல் விட்டது

1982இல் சர்க்கரையை அளந்தார்கள், இன்சுலினை அளந்தார்கள், சாப்பாட்டை அளந்தார்கள். அந்தப் பத்துப் பேர் சொந்த மண்ணில் 7 வாரம் எப்படி இருந்தார்கள், நன்றாகத் தூங்கினார்களா, சந்தோஷமாக இருந்தார்களா என்பதற்கு அளவுகோல் எதுவும் இந்த முடிவுகளில் இல்லை. சர்க்கரை நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் கேள்வித்தாள்கள் பரவலானது பிற்பாடுதான். அவற்றில் ஒன்று, இங்கிலாந்தில் கிளேர் பிராட்லி உருவாக்கியது. வேலை, குடும்பம், பயணம், தாம்பத்தியம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, சர்க்கரை நோய் இதை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று கேட்கும். பல ஆய்வுகளில், மிக மோசமாகப் பாதிக்கப்பட்டதாக நோயாளிகள் சொன்ன பகுதி ‘நினைத்ததைச் சாப்பிடும் சுதந்திரம்’. இதைக் கேட்டு ஆச்சரியப்படும் சுகர்காரர் யாரும் இருக்க மாட்டார்.

இந்தச் சுதந்திரத்தையே சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. 2002இல் வெளியானது. இங்கிலாந்தில், கணையம் இன்சுலின் சுரக்காத டைப் 1 நோயாளிகள் 169 பேர் கலந்துகொண்டார்கள். டாஃப்னே என்று பெயர். இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே என்று அட்டவணை கொடுக்காமல், சாப்பிடப்போகும் மாவுச்சத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். 6 மாதத்தில், பயிற்சி பெற்றவர்களின் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) பெறாதவர்களைவிட ஒரு சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. உணவுச் சுதந்திரம் பற்றிய மதிப்பெண்ணும் நன்றாக உயர்ந்தது. கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் சுகர் ஏறிவிடும் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை. ஆனால் அது டைப் 1. இன்சுலினை உணவுக்கேற்பக் கூட்டிக் குறைக்க முடிந்த இடம். மாத்திரையில் இருக்கும் டைப் 2 ஆளுக்கு அப்படியே பொருத்த முடியாது.

டைப் 2க்கு வந்தால், ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடிலும் 306 பேரை வைத்து நடத்திய டைரக்ட் ஆய்வு இருக்கிறது. முதல் முடிவுகள் 2017இல் வந்தன. ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி பாக்கெட் பானம், 3 முதல் 5 மாதம், பிறகு படிப்படியாகச் சாதாரண உணவு. கேட்கவே கஷ்டமாக இருக்கிறதல்லவா? ஓராண்டு முடிவில் இந்தக் குழுவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நோய் அடங்கிய நிலைக்கு வந்தார்கள். வழக்கமான சிகிச்சைக் குழுவில் 4 சதவீதம். 100க்குப் போடும் வாழ்க்கைத்தர மதிப்பெண் இந்தக் குழுவில் 7.2 கூடியது, மற்றக் குழுவில் 2.9 குறைந்தது. பட்டினி போட்ட குழு சந்தோஷமாக இருந்தது என்பது முதல் பார்வைக்கு முரண். எனக்குத் தோன்றும் காரணம், அங்கே தினமும் தேர்ந்தெடுக்கும் பாரம் இல்லை என்பது. பாக்கெட்டைக் கரைத்துக் குடித்தால் அன்றைய வேலை முடிந்தது. கூடவே மாத்திரை நின்றது, உடம்பு லேசானது. தடை நீண்டு, முடிவில்லாமல், பலனும் தெரியாமல் இருக்கும்போதுதான் அது தண்டனையாகிறது. ஐந்தாண்டு முடிவில், உதவி தொடர்ந்து கிடைத்தவர்களில் 13 சதவீதம் பேரே அந்த அடங்கிய நிலையில் இருந்தார்கள். எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. அவர்களும் கடைத்தெருவுக்குத்தானே திரும்பி வந்தார்கள்?

ஆய்வின் ஓட்டைகள்

மோவாஞ்ஜம் ஆய்வை நம்பலாம், ஆனால் அளவாக. பத்துப் பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்க, டெர்பியிலேயே இருந்த சர்க்கரை நோயாளிக் குழு என்று எதுவும் இல்லை. எடை, உணவு, நடை, மது, இடம், உறவுகள் எல்லாம் ஒரே சமயத்தில் மாறின. எடைக் குறைவு, கொழுப்புக் குறைந்த உணவு, உடலுழைப்பு மூன்றும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் ஓ’டேயும் விளக்கினார். என்னைக் கேட்டால் மதுவையும் அதில் சேர்ப்பேன். பீரும் போர்ட் ஒயினும் 7 வாரம் நின்றால் டிரைகிளிசரைடு இறங்காமல் என்ன செய்யும்?

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று 1200 கலோரிக்கு இறங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மருந்தளவை டாக்டர் குறைத்த பிறகே தட்டில் கைவைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு 54 சதவீதப் புரதம் கிட்டேயே போகக் கூடாத உணவு.

பிறகு

மோவாஞ்ஜம் கட்டுரை 7ஆவது வாரத்தோடு முடிகிறது. அதன் அடுத்த அத்தியாயம் என்று நான் கருதுவது வேறோர் ஊரில் நடந்தது.

டெர்பிக்குத் தென்கிழக்கே லூமா என்ற தொல்குடிக் கிராமம். 1993இல் அந்த ஊர்க்காரர்களே முன்னெடுத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். கெவின் ரௌலியும் ஓ’டேயும் அதன் பலன்களை அளந்து எழுதினார்கள். இந்த முறை யாரையும் காட்டுக்கு அனுப்பவில்லை. கடையை மாற்றினார்கள். ஊர்க் கடையில் என்ன சரக்கு வாங்கி வைப்பது என்பதில் கைவைத்தார்கள், காயும் பழமும் கூடுதலாக வந்தன. சமையல் வகுப்பு, கூட்டாக நடை, வேட்டைப் பயணம் எல்லாம் சேர்ந்தன. சில ஆண்டுகளில் ஊர்மக்களின் கொலஸ்ட்ரால் குறைந்தது, காய்கனிகளிலிருந்து வரும் சத்துகள் ரத்தத்தில் கூடின, இதய நோயோடு தொடர்புள்ள ஹோமோசிஸ்டீன் இறங்கியது. ஆனால் ஊரில் உடல்பருமனும் சர்க்கரை நோயும் எத்தனை பேருக்கு என்ற கணக்கு குறையவில்லை. இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். ஊரில் எல்லாரும் அதே கடையில் வாங்கி, அதே தெருவில் வாழ்ந்து, வருடக்கணக்கில் கிடைத்த பலன் அது. ஆற்றங்கரையில் 7 வாரம் வந்து போன பலனோடு அதை ஒரே தராசில் வைக்க முடியாது.

சர்க்கரை நோயாளி முதல் தடவை உணவு ஆலோசனைக்கு வரும்போது நம் கிளினிக்குகளில் காலையில் என்ன, மதியம் என்ன, ராத்திரி என்ன என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். லூமாவைப் படித்த பிறகு அந்தத் தாளில் மேலே இன்னும் சில கேள்விகள் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வீட்டுக்கு மளிகை வாங்குவது யார்? சமைப்பது யார்? எத்தனை பேருக்கு ஒரே சமையல்? அவர் வேலைசெய்யும் இடத்துக்கு வெளியே நாலு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கிறது? ஆலோசனைக்கு அந்த மளிகை வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லலாம்.